சுழியோடி சூரன், பதினெட்டாம் நம்பர்

இடைவேளை வரைக்கும் தியேட்டரே படத்தைத் திட்டிக்கொண்டிருந்தது.

முத்துக்குளிக்கிற சூரனுக்கு மீசை வைத்தது குற்றம். தோணிக்குப் பச்சை பெயின்ட் அடித்தது குற்றம். முப்பத்தாறு காமிக்ஸ் புத்தகத்திலும் ஒரு தடவைகூடச் சிரிக்காத சூரன், படத்தில் உப்பளத்து நடுவே கதாநாயகியோடு ஆடியது மகா குற்றம்.

ஆனாலும் ஒருத்தரும் எழுந்து போகவில்லை. வெளியே போய் முறுக்கும் பாப்கார்னும் வாங்கிக்கொண்டு வந்து, விட்ட இடத்திலிருந்து திட்டினார்கள். தூத்துக்குடி சூரன் ரசிகர்கள் வாட்ஸ்அப் குழு மொத்தமும் அங்கேதான் இருந்தது.

எனக்குப் படம் எப்படிப் போனாலும் சரி. என் கவலையெல்லாம் எங்கள் வரிசையில் இருந்தது.

இந்தப் பக்கம் என் வீட்டுக்காரர். அடுத்து நான். என்னை ஒட்டி ஓரகத்தி அனுசியா அக்கா. அதற்கு அந்தப் பக்கம் அவள் வீட்டுக்காரர், இவருடைய கூடப்பிறந்த அண்ணன், எனக்கு அத்தான். அண்ணனும் தம்பியும் பேசி ஏழு வருஷமாகிறது.

நாலு டிக்கெட்டையும் சேர்த்துப் போட்டது நானும் அக்காவும்தான். விளக்கு அணைந்த பிறகு ஆளுக்கொருத்தரைக் கூட்டிவந்து உட்காரவைத்தோம். திரை வெளிச்சத்தில்தான் ஒருவரையொருவர் பார்த்தார்கள். முதல் நாள், முதல் காட்சி, சூரன் படம். எழுந்து போக இரண்டு பேருக்குமே மனசு வரவில்லை.

சண்டைக்குக் காரணமும் இதே சூரன்தான்.

மாமனார் தவறியதும் பாகம் பிரித்தார்கள். கடை, சரக்கு வைக்கிற கிட்டங்கி, வீட்டுமனை எல்லாம் சிரித்த முகத்தோடு பிரிந்தன. பள்ளிக்கூடத்து நாளிலிருந்து இருவரும் சேர்த்துவைத்த சூரன் புத்தகத்தில்தான் வினை வந்தது. பாகம் பிரிக்க வந்த பெரிய மனுஷர்களுக்குக் காமிக்ஸ் என்றால் என்ன தெரியும்? ஒற்றைப்படை நம்பர் அண்ணனுக்கு, இரட்டைப்படை தம்பிக்கு என்று நியாயமாகப் பிரித்துவிட்டுக் காபி குடித்தார்கள்.

சூரன் கதை ஒரு புத்தகத்தில் தொடங்கி அடுத்ததில்தான் முடியும். அண்ணனிடம் எல்லாக் கதைக்கும் தலை. இவரிடம் எல்லாக் கதைக்கும் வால். உன்னுடையதைக் கொடு என்று அவர் கேட்க, உங்களுடையதைக் கொடுங்கள் என்று இவர் கேட்க, பேச்சு முற்றி முறிந்துபோனது. என் மகள் சடங்குக்குப் பெரியப்பா வரவில்லை. புத்தகத்துக்காகவா என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்வதை நான் நிறுத்திவிட்டேன்.

இடைவேளைக்குப் பிறகு அந்தக் காட்சி வந்தது.

கடலடியில் சூரன். சுற்றிச் சுற்றி வருகிறது சுறா. இடுப்புக் கயிற்றை இரண்டு தடவை இழுத்து ஜாடை காட்டுகிறான். மேலே தோணியில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பது, அவனுடைய அண்ணன்.

தியேட்டர் ஊளையிட்டது.

எங்கள் கடற்கரையில் முத்துக்குளிக்கிறவனுடைய கயிற்றை மச்சான்தான் பிடிப்பான். பெண்டாட்டியோடு பிறந்தவன். தங்கச்சி தாலிக்காகவாவது பிடியை விடமாட்டான். அண்ணன் தம்பி என்றால் பங்காளி. ஆள் போனால் ஒரு பங்கு மிச்சம். இது இங்கே கடலில் கால் நனைக்காத எங்களுக்குக்கூடத் தெரியும். படம் எடுத்தவர்களுக்குத் தெரியவில்லை.

முன்வரிசையில் ரெக்சன் எழுந்தான். சங்கு குளிக்கிறவன், எங்கள் கடை வாடிக்கை.

“ஏலே, கயித்த மச்சான்லா புடிக்கணும்! அண்ணங்காரன் கையில குடுத்தா பொழச்சு வருவானா?”

அத்தனை பேரும் சிரித்தார்கள். அத்தான் மட்டும் குனிந்துகொண்டு பாப்கார்ன் டப்பாவுக்குள் எதையோ தேடினார். அக்கா என் கையை இறுக்கிப் பிடித்தாள். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கானதே என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது இவர் எழுந்து நின்றார். கடையில் விலைகூடச் சத்தமாகச் சொல்லாத மனுஷன்.

“ரெக்சன், தெரியாமப் பேசாத. புத்தகத்துலயும் அண்ணன்தான் புடிச்சான். பதினெட்டாம் நம்பர். என்கிட்டதான் இருக்கு.”

சிரிப்பு நின்றது. பதினெட்டாம் நம்பர் இன்றைக்கு ஊரிலேயே இவரிடம் மட்டும்தான் இருக்கிறது. மற்றவர்களுடையது மழைவெள்ளத்தோடும் பழைய பேப்பரோடும் போய்விட்டது. ரெக்சன் தலையைச் சொறிந்தான். அப்படியும் விடாமல் அத்தான் பக்கம் திரும்பி, “அண்ணாச்சி, நீங்க சொல்லுங்க” என்றான்.

கேட்டதில் நியாயம் உண்டு. முப்பத்தாறு புத்தகமும், படம் படமாக, அத்தானுக்கு மனப்பாடம். குழுவில் எந்தச் சண்டை வந்தாலும் கடைசியில் அவரைத்தான் கேட்பார்கள். தவறாக ஒரு எழுத்து சொன்னதில்லை.

அத்தான் தலையை நிமிர்த்தித் தம்பியைப் பார்த்தார். பாப்கார்ன் டப்பாவை அக்காவிடம் கொடுத்தார்.

“தம்பி சொல்லுதது சரிதான்” என்றார்.

திரையில் அண்ணன்காரன் கயிற்றை இழுத்துச் சூரனைத் தோணியில் போட்டான். விசில் பறந்தது. அதற்குப் பிறகு எல்லோருக்கும் படம் பிடித்துப்போயிற்று. மீசையைக்கூட மன்னித்துவிட்டார்கள்.

வெளியே வரும்போது அண்ணனும் தம்பியும் எங்களை மறந்துவிட்டு முன்னால் போனார்கள். புத்தகத்தில் இருந்ததைவிடப் படத்தில் சுறா சின்னதாகிப்போனதைப் பற்றி இரண்டு பேரும் சேர்ந்து திட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்கு வயிறு நிறையச் சாப்பிட்ட மாதிரி இருந்தது.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். “ஏளா, புத்தகத்துல நெசமாவே அண்ணன்தானா?”

போன பொங்கலுக்குப் பீரோவைத் துடைத்தபோது பதினெட்டாம் நம்பரை நான் முழுக்கப் படித்திருக்கிறேன். கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பது மச்சான்தான்.

“ஆமாக்கா” என்றேன்.