பசைத் தடம்

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், ஸ்கேன் மெஷினின் வெள்ளைக் குழலுக்குள், அதைப் பழுதுபார்க்கும் மெக்கானிக்கின் மகள் படுத்திருக்கிறாள். கால்கள் மட்டும் வெளியே தெரிகின்றன. மஞ்சள் காலுறையில் கட்டைவிரல் பக்கம் ஒரு ஓட்டை. மெஷின் தடதடவென்று இடிக்கிறது. இந்தப் பக்கம், கம்ப்யூட்டர் திரையின் ஓரத்தில் சதுரமாக ஒரு பசைத் தடம். ஸ்கேன் எடுக்கும் பெண் ஒட்டிவைத்திருந்த சாமி படத்தின் இடம் அது. அந்தப் படத்தைத் தொடாமல் எந்த நோயாளிக்கும் அவள் பொத்தானை அழுத்தியதில்லை. நேற்று சர்வீஸுக்கு வந்தபோது, “இது காந்தத்துல ஓடுதும்மா, கடவுளால இல்ல” என்று சிரித்துக்கொண்டே சுரண்டிக் குப்பையில் போட்டவர் மெக்கானிக்தான். இன்றும் அவள் விரல் அந்த வெற்றிடம் வரை போய்த் திரும்புகிறது.

திரையில், மூளையின் சாம்பல் நிறத்துக்கு நடுவே மிளகளவு வெள்ளையாக ஒன்று தெரிகிறது. மெஷின் சத்தத்தில் எங்காவது ஒரு பிசிறு கேட்டுவிடாதா என்று மெக்கானிக் அவளுக்குப் பின்னால் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார். அது பாழாய்ப்போன ஒழுங்கோடு இடித்துக்கொண்டே இருக்கிறது.

“மெஷின்ல ஏதோ கோளாறும்மா. இன்னொரு தடவை எடு.”

“நேத்துதானே சார் நீங்களே பார்த்து, பக்காவா இருக்குன்னு சொன்னீங்க?”

“ஆடாம படுத்திரு கண்ணு” என்று மைக்கில் சொல்லிவிட்டு அவள் மறுபடி எடுக்கிறாள். அதே இடத்தில் அதே வெள்ளை. அவருடைய விரல் பசைத் தடத்தில் போய் ஒட்டிக்கொள்கிறது. உதடுகள் அசைகின்றன. யாரைக் கூப்பிடுவதென்றுதான் தெரியவில்லை.