பெயருக்குப் பக்கத்தில் ஒரு கொடி

கிரீஸ் படிந்த கையோடு சென்றாயன் போனை எடுத்தபோது, இங்கிலாந்து என்று திரை காட்டியது.

சென்றாயனுக்குத் தெரிந்த இங்கிலாந்து லண்டன் ஒன்றுதான்.

அவனுடைய இந்த இரண்டாவது எண்ணுக்கு யார் கூப்பிட்டாலும் பெண் வீட்டாராகத்தான் இருக்கும். கல்யாண வலைத்தளத்தைத் தவிர வேறு யாருக்கும் அவன் அதைக் கொடுத்ததில்லை.

சொந்த எண்ணைக் கொடுக்க வழியில்லை. அது கடைப் பலகையில் ஆளுயரத்துக்கு எழுதியிருந்தது. இராசிபுரத்தில் வண்டி வைத்திருப்பவர்களில் பாதிப் பேர் அதை ‘மெக்கானிக்’ என்று போனில் பதிந்து வைத்திருந்தார்கள். முப்பத்தாறு வயதில் மெக்கானிக் பெண் தேடுகிறான் என்று ஒருவர் கண்ணில் பட்டால் போதும், பொழுது சாய்வதற்குள் டீக்கடை வரைக்கும் பேச்சாகிவிடும்.

“புது சிம்மெல்லாம் எதுக்குங்கண்ணா? ஆப்புலயே ஒரு நம்பர் வாங்கிக்கலாம்” என்று செல்போன் கடை அன்பழகன்தான் வாங்கிக் கொடுத்தான். அந்த எண்ணுக்கே ரகசியக் குறியீடு வந்தது, அதைப் போட்டதும் வலைத்தளம் கதவைத் திறந்தது. எல்லாம் சுபம் என்று நினைத்திருந்தான்.

மறுநாள் பார்த்தால் அவன் பெயருக்குப் பக்கத்தில் அமெரிக்கக் கொடி நிற்கிறது. எண் அந்த நாட்டு எண்ணாம்.

அதன் பிறகுதான் போன் அடிக்கத் தொடங்கியது. அப்பாக்கள் பேசினார்கள், சித்தப்பாக்கள் பேசினார்கள், தாய்மாமன்கள் பேசினார்கள். மாப்பிள்ளைக்கு அங்கே என்ன வேலை என்று எல்லோரும் உருகிப்போய்க் கேட்டார்கள். ஸ்பானர் பிடிக்கிற வேலை, அதுவும் இராசிபுரத்தில் என்று அவன் சொன்ன மறுநொடியே அத்தனை பேருக்கும் சிக்னல் போய்விடும்.

இன்று பேசியது ஒரு பெண்.

“வணக்கங்க, நான் இலக்கியா. எங்கூட்டுல பேசறதுக்குப் பெரியவங்க யாரும் இல்லீங்க. அதான் நானே பேசறனுங்க.”

பயந்த குரல்தான். ஆனாலும் சொல்ல வந்ததைத் தடுமாறாமல் சொன்னது. சென்றாயனுக்கு அந்தக் குரல் பிடித்துவிட்டது. உண்மையைச் சொன்னால் இதுவும் போய்விடும், இன்னும் இரண்டு நிமிஷம் கேட்டுவிட்டுச் சொல்லிக்கொள்ளலாம் என்று முதல் முறையாக ஆசைப்பட்டான்.

“அங்க இப்பத்தான் விடிஞ்சிருக்குங்களா?” என்று அவள் கேட்டாள்.

கடை வாசலில் மாலை வெயில் மஞ்சளாகக் கிடந்தது. அவன் பொதுவாக, “ம்” என்றான்.

அந்த நேரம் பார்த்தா முட்டை வண்டி வரவேண்டும்!

ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு வீதி வீதியாக வருகிற வண்டி அது. முட்டைக்காரர் தன் வீட்டில் உட்கார்ந்து விளம்பரத்தைப் பதிவு செய்தபோது, அடுப்படியிலிருந்து அவர் மனைவி போட்ட சத்தமும் சேர்ந்து பதிவாகிவிட்டது. அதை மட்டும் வெட்டி எடுக்க அவருக்குத் தெரியவில்லை. வருஷக்கணக்காக ஊரே கேட்டுக்கொண்டிருக்கிறது.

“பண்ணை முட்டை, பெரிய முட்டை… ஏனுங்க, பாலு பொங்குது!”

சென்றாயன் போனைச் சட்டைக்குள் திணித்து நெஞ்சோடு அழுத்திக்கொண்டான். அமெரிக்காவில் ஏது இந்தப் பால்? வண்டி கடையைத் தாண்டி முனையில் திரும்பும்வரை அவன் மூச்சுக்கூட விடவில்லை.

போனை வெளியே எடுத்தபோது அதன்மேல் கிரீஸ் அப்பியிருந்தது. அவனுக்கு அவன்மேலேயே வெட்கமாக வந்தது. தொழிலை ஆளுயரத்துக்குப் பலகையில் எழுதி வைத்தவன் இப்படித் திருடன்போல நிற்கிறானே. இந்தப் பெண்ணோடு வாழக் கொடுத்து வைத்திருந்தால்கூட, தினமும் மாலையில் முட்டை வண்டியை எந்தச் சட்டைக்குள் ஒளிப்பது?

“ஏனுங்க, நான் அமெரிக்காவுல இல்லீங்க. இது ஆப்புல வாங்குன நம்பருங்க. நான் இராசிபுரத்துல டூவீலர் மெக்கானிக்குங்க.”

சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான்.

சரி, சிக்னல் போகிற நேரம் என்று காத்திருந்தான். போகவில்லை. அவள் மூச்சு விடுவது மட்டும் கேட்டது. பாவம், எப்படி வைப்பது என்று தயங்குகிறாள்போல. லண்டனில் இருக்கும் பெண்ணுக்கு அந்தச் சங்கடம் எதற்கு, நாமே வைத்துவிடுவோம் என்று விரலைக் கொண்டுபோனான்.

அப்போது லண்டனில் ஒரு வண்டி வரும் சத்தம் கேட்டது.

முதலில் தூரத்தில் கேட்டது. பிறகு நெருங்கி நெருங்கி வந்தது. போன் வைக்காத காதில் மெல்லிசாகவும், போன் வைத்த காதில் அதிரும்படியும், இரண்டிலும் ஒரே குரல் கேட்டது.

“ஏனுங்க, பாலு பொங்குது!”

போனை ஒளிக்க அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை. அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள்.

சென்றாயன் ஸ்பானரைக் கீழே போட்டுவிட்டு வாசலுக்கு வந்தான். வண்டி திரும்பிய முனையைப் பார்த்தான்.

“எந்த வீதிங்க?” என்றான்.