வெள்ளிக்கிழமை வருகிறான்

தனியார் படையின் அலுவலகத்துக்கு ரயீசா வருவது இந்த வாரத்தில் மூன்றாவது தடவை.

"என் புருஷன் க்ளெப் பத்தி ஏதாவது தெரிஞ்சுதா சார்?"

நாற்காலியைக் காட்டியும் அவள் உட்காரவில்லை.

எழுத்தர் வதீம் பட்டியலைப் பார்த்துச் சிரித்தார். "கவலையை விடும்மா! தாய்நாட்டுக்காக ஆறு மாசம் சண்டை போட்டு முடிச்சிட்டான். பதக்கம் வேற! வெள்ளிக்கிழமை வீட்டுல இருப்பான்."

"வெள்ளிக்கிழமைதானே? முன்னாடியே வந்துட மாட்டாரே?"

"அவ்வளவு அவசரமா? பீட்ரூட் சூப் வச்சுக் காத்திரு, வந்துடுவான்."

ரயீசா நேராக ரயில் நிலையத்துக்கு ஓடினாள்.

"எனக்கும் பொண்ணுக்கும் டிக்கெட் குடுங்க. இன்னைக்கே."

"எந்த ஊருக்கு?"

"ரொம்ப தூரமாப் போற வண்டி எதுன்னாலும் சரி. என்னைக் கத்தியால குத்தினவனுக்குப் பதினோரு வருஷம் ஜெயில் குடுத்தாங்க. போர்ல சண்டை போட வந்தா மன்னிப்புன்னு சொல்லி அந்தப் படைக்காரங்க வெளியே எடுத்துட்டாங்க."