ஒழுகிய கார்

ஷெட்டில் நின்ற பழைய காரின் கியர்பாக்ஸிலிருந்து சிவப்பு எண்ணெய் சொட்டியது. அதன் சொந்தக்காரர் ஞானசிகாமணி, சொட்டு விழும் இடத்தில் ஓர் அட்டையை விரித்துவைத்தார்.

அன்றிலிருந்து தினமும் காலையில் அட்டைக்குப் பக்கத்தில் மல்லாந்து படுத்து, டார்ச் அடித்துப் பார்ப்பார், துணியால் துடைப்பார். கை வேலை செய்ய, வாய் பேசிக்கொண்டே இருக்கும். உப்புமாவில் உப்பு கூடிப்போனது, மகள் போனை எடுக்காதது, எல்லாம்.

"ஒழுகினாத்தான் மனுஷன் கிட்ட வர்றார்" என்றது கார்.

"என் மேல ஒழுகிட்டு அதுல பெருமை வேறயா?" என்று சிடுசிடுத்தது அட்டை.

ஒருநாள் அவர் எண்ணெய்த் தட்டைக் கழற்றி, ஒழுகாமல் இருக்கப் புது கேஸ்கட் போட்டார். போல்ட்டுகளை ஸ்பேனரால் முறுக்கி, புது எண்ணெய் ஊற்றினார். "இனிமே உனக்கு ஒரு குறையும் இல்லடா" என்று காரைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.

மறுநாள் அட்டை காய்ந்து கிடந்தது.

"அப்பாடா, விட்டது தொல்லை" என்றது அட்டை.

"இனி அவர் எதுக்கு வரப்போறார்?" என்றது கார். ஒரு சொட்டாவது விழாதா என்று முக்கிப் பார்த்தது. வரவில்லை.

செருப்புச் சத்தம் கேட்டது. ஞானசிகாமணி குனிந்து அட்டையைத் தடவினார். விரலில் ஈரமே இல்லை. கொஞ்ச நேரம் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு பழையபடி மல்லாந்து படுத்து, ஸ்பேனரை எடுத்து, ஒரு போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்தினார்.

"நேத்து எதுல விட்டேன்?" என்று பேச ஆரம்பித்தார்.

அட்டையின் மேல் ஒரு சொட்டு விழுந்தது.