மடக்குக் கத்தியின் திருகாணி

கொட்டாஞ்சேனையில் பேர்ணடெற் வீட்டு மேல்மாடிக்கு வாடகைக்கு வந்த லோகேஸ்வரன் அமைதியான ஆள். ஆனால் சில நாட்களாக மாடிப்படியில் உட்கார்ந்து, ஒரு மடக்குக் கத்திக்கு எண்ணெய் விட்டு, இடது கையால் மட்டும் விரிப்பதும் மடக்குவதுமாக இருந்தான். பேர்ணடெற் கீழிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். இன்று கேட்டேவிட்டாள்.

"தம்பி, ஏன் எந்நேரமும் கத்தியோட இருக்கிறீர்? பிள்ளைகள் இருக்கிற வீடு."

"திருகாணியத் தளர்த்தினா அலகு ஆடுதுங்க அக்கா. இறுக்கினா ஒரு கையால தொறக்க முடியல."

"ரெண்டு கையாலயும் திறக்கிறதுதானே! ஒரு கையால சட்டெண்டு திறக்க, உமக்கு ஆரோட சண்டை?"

லோகேஸ்வரன் தலைகுனிந்தான்.

"எனக்கில்லீங்க, சம்சாரத்துக்கு, பழம் வெட்ட. பாரிசவாதம் வந்து வலது கை வெளங்காமப் போச்சு. நாளைக்கு ஆஸ்பத்திரியில இருந்து வாறா."

பேர்ணடெற்றின் குரல் இறங்கியது. "பழமெல்லாம் நீர் வெட்டிக் குடுக்கலாமே, தம்பி."

"வார்ட்டில குடுத்தேங்க. மூஞ்சியத் திருப்பிக்கிட்டா. இவ்வளவு நாளும் உங்களுக்கு வெட்டிக் குடுத்தவ நான்தானேன்னு அழுதா."

பேர்ணடெற் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். கத்தியை இடது கையில் வாங்கி, பெருவிரலால் அலகைத் தள்ளிப் பார்த்தாள்.

"பொம்பிளையிட கைக்கு இது இன்னும் கொஞ்சம் இறுக்கம், தம்பி."