பழைய ஆணி

எப்போதோ கைவிடப்பட்ட தங்கச் சுரங்கத்தின் மண்மேட்டில் அவனும் அக்காவின் கணவரும் விடுமுறை நாட்களில் உலோகம் கண்டால் கத்தும் கருவியோடு தங்கம் தேடுவார்கள். யார் கருவி கத்தினாலும் கிடைப்பதில் ஆளுக்குப் பாதி. தோண்டிய குழியை மூடிவிட்டுத்தான் நகர வேண்டும். அவர்களுக்குள் அதுதான் பேச்சு.

போன வாரம் அத்தான் வண்டிக்கு டயர் மாற்றிக்கொண்டிருந்தபோது அவன் கருவி கத்தியது. கொண்டைக்கடலை அளவில் ஒரு தங்கக்கட்டி. அவசரத்தில் களைக்கொத்தின் முனை பட்டு அதில் ஒரு வெட்டு விழுந்தது.

"என்ன மாப்ளே கிடைச்சுது?" என்று அத்தான் அங்கிருந்தே கேட்டார்.

"சுரங்கத்துப் பழைய ஆணி, அத்தான்."

மறுநாள் நகைப்பட்டறையில் விற்றான். பட்டறைக்காரர் அதை உருக்கியதைப் பக்கத்தில் நின்று பார்த்தான். அன்றிலிருந்து அக்கா சாப்பிடக் கூப்பிட்டால் பசியில்லை என்று நழுவினான்.

இன்று அதே இடத்தில் அத்தானின் கருவி கத்தியது.

"அங்க ஒண்ணும் இல்ல அத்தான், வெறும் ஆணி."

"ஆணியத்தான் அன்னைக்கே எடுத்துட்டியே மாப்ளே, அப்ப இது அது பெத்த பிள்ளையா?"

தோண்டினார். மண்ணை ஊதிவிட்டுக் கட்டியை வெயிலில் உருட்டிப் பார்த்தார். கொண்டைக்கடலை அளவு. ஓரத்தில் அதே வெட்டு.

"பாதி உனக்கு. இந்தா, பிடி" என்று சிரித்தபடி அவன் உள்ளங்கையில் வைத்தார்.

அது நெருப்பாய்ச் சுட்டது. இவ்வளவு நேரம் அதைப் பிடித்திருந்த அத்தானின் விரல்களுக்கு அந்தச் சூடு தெரியவேயில்லை. தோல் கருகும் வாடை அவன் மூக்கில் ஏறியது.

"என்ன மாப்ளே, சந்தோஷத்துல வாயே அடைச்சுப் போச்சா?"

அவன் ஆமாம் என்று தலையாட்டி, விரல்களை மூடிக்கொண்டான்.