காலிப் பாத்திரம்

சர்ச்சில் மாதக் கடைசி ஞாயிறன்று ஆளுக்கொரு பதார்த்தம் செய்து எடுத்து வரும் விருந்து. முடிவில் யார் பாத்திரம் காலியோ, அவள்தான் அன்றைக்கு ராணி. ஆறு மாதமாக அது வெர்னா.

"என்ன லொரெய்ன், இன்னிக்கும் உன் நூடுல்ஸை யாரும் தொடலையா?" என்று சிரித்தாள் வெர்னா.

"எல்லாரும் டயட்ல இருக்காங்கடி" என்றாள் லொரெய்ன், வயிறெரிய.

பாஸ்டர் அறிவிப்புகளைப் படிக்கத் தொடங்கியதும் வெர்னாவைக் காணோம். பதார்த்தங்கள் இருந்த சமையலறைக்குள் லொரெய்னும் கைப்பையோடு நழுவினாள்.

உள்ளே வெர்னா, தான் சுட்டெடுத்த உருளைக்கிழங்குப் பதார்த்தத்தைத் தானே வழித்து டப்பாவில் அடைத்துக்கொண்டிருந்தாள்.

"அடிப்பாவி, ஆறு மாசமா இதானா?"

வெர்னா அசரவில்லை. "உன் பையில என்ன?"

லொரெய்ன் தயங்கித் திறந்தாள். அதிலும் ஒரு காலி டப்பா.

"வீட்டுக்குக் கொண்டுபோய் என்னடி பண்றே?" என்றாள் லொரெய்ன்.

"நாய்க்குப் போடுவேன். அதுகூட மோந்து பார்த்துட்டுப் போயிடுது."

வெர்னா கரண்டியை நீட்டினாள். "இந்தா, நீ என்னோடதை எடு, நான் உன்னோடதை எடுக்கறேன். மாட்டினாலும் ருசிக்கு மயங்கித் திருடினோம்னு பேராவது வரும்."